ஐந்தாம் நம்பர் கிணறு

அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கூட்டல் சரியாக இருந்தது, பெருக்கல் சரியாக இருந்தது, வர்க்கமூலத்தைக்கூட லாகரிதப் புத்தகத்தை வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். எங்காவது ஒரு சைபர் தப்பியிருக்காதா என்று தேடினேன். தப்பவில்லை. அந்தத் தாளுக்கு அடியில் டைப் அடித்த இன்னொரு தாள் இருந்தது. என் அத்தை தண்ணீர் எடுக்கும் கிணற்றை அன்று சாயங்காலத்துக்குள் மணல் கொட்டி மூடிவிட வேண்டும் என்கிற உத்தரவு அது. ஆபீசரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

இது நடந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், நல்ல கோடையில். நான் விழுப்புரத்தில் குடியிருந்தேன். தினமும் காலை பாசஞ்சரில் ஏறி, கண்ணில் விழும் கரித்தூளைத் துடைத்துக்கொண்டே திண்டிவனம் வந்து, சுகாதாரக் கணக்குகளைத் தொகுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்த்தேன். என் வேலைக்குப் பெயர் கம்ப்யூட்டர். சிரிக்க வேண்டாம், அந்தக் காலத்தில் அது கணக்குப் போடுகிற மனுஷருக்கு வைத்த பெயர்தான். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிய காலனிப் பெண் ஒருத்திக்கு சர்க்கார் நாற்காலி கிடைப்பது சாமானியமில்லை என்று எல்லோரும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்று என் அப்பா கவலைப்பட்டுக்கொண்டே இருப்பார்.

பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு கிராமம். அங்கே வாந்தி பேதி பரவியிருந்தது. ஊருக்குள் நான்கு குடிதண்ணீர்க் கிணறுகள், காலனிக்கு ஒன்று. காலனி ஜனம் ஊர்க் கிணற்றில் கை வைக்க முடியாது. சட்டத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது. ஊர் வழக்கம் சட்டத்தைப் படிக்கவில்லை. காலனிக் கிணற்றையும் மூடினால் அவர்களுக்கு மிச்சம் ஊர்க் குட்டைதான். எருமை படுக்கிற, சீக்காளித் துணி அலசுகிற அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல யாரும் டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வீடு வீடாகப் போய், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிற வீட்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எழுதி வந்திருந்தார். கிணறுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டிருந்தார். ஐந்தாம் நம்பர் காலனிக் கிணறு. எங்கள் ஆபீசர் அப்போதுதான் மெட்ராஸில் ஒரு பயிற்சி முடித்து, கோரிலேஷன் போடக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஒட்டுறவு என்று இப்போது பாடப்புத்தகத்தில் போடுகிறார்கள். இரண்டு விஷயம் சேர்ந்து ஏறுகிறதா, ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறதா என்று ஒரே எண்ணில் சொல்லும் கணக்கு. விடை ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் கைகோத்து ஏறுகின்றன. மைனஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் எதிரும் புதிரும். சைபர் என்றால் சம்பந்தமே இல்லை. புதுச் சுத்தியல் வாங்கினவன் கண்ணுக்கு வீட்டில் ஆணி அடிக்காத சுவரெல்லாம் உறுத்தும். ஆபீசர் ஒரு பக்கம் கிணற்று நம்பரையும் மறு பக்கம் சீக்காளிகளின் எண்ணிக்கையையும் வைத்து கோரிலேஷன் போட்டுவிட்டார். விடை ஒன்றை ஒட்டி வந்தது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் வேலையில் சேர்ந்தபோது எனக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானை எதற்கு என்று பியூனைக் கேட்டு, அதை எடுக்கச் சொன்னவர் அவர்தான். சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கடலூரிலிருந்து மேலதிகாரி தந்தி மேல் தந்தி அடித்தார். பயந்த மனுஷர் ஏதாவது ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் தேவலை என்று இருந்தார்.

"செக் பண்ணியாச்சாம்மா? மணல் லாரி காலையிலேயே கெளம்பிப் போயிடுச்சு" என்றார்.

"கணக்கு சரி சார். ஆனா இந்தக் கணக்கையே போட்டிருக்கக் கூடாது."

"சரின்றீங்க, போட்டிருக்கக் கூடாதுன்றீங்க. என்னம்மா இது?"

ஜன்னல் ஓரம் நின்ற இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "சார், அந்தக் காலனியில இவங்க அத்தை இருக்காங்க" என்றார்.

என் காது சூடேறியது. இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன், இருந்தும் சுட்டது. இனி நான் எது பேசினாலும் அது கணக்காக இருக்காது, அத்தைக்கு வக்காலத்தாக ஆகிவிடும்.

"இருக்காங்க சார். அதனாலதான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மொதல் வரியைப் பாருங்க. கிணத்து நம்பருக்கு சராசரி எடுத்திருக்கீங்க. மூணுன்னு போட்டிருக்கீங்க."

"ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் சராசரி மூணுதானே?"

"நம்பருக்கு மூணு சார். கிணத்துக்கு? மூணாம் நம்பர் கிணறு என்ன சராசரிக் கிணறா? ஒண்ணாம் நம்பர் போட்ட கோயில் தெருக் கிணறு சராசரியை விட ரெண்டு கொறைச்சலா? எதுல ரெண்டு கொறைச்சல்? ஆழத்துலயா, தண்ணியிலயா?"

நான் விடவில்லை. "நீங்க விழுப்புரம் ஜங்ஷன்ல எறங்கி வண்டி மாறணும்னு வைங்க. ஒரு வண்டி ஒண்ணாவது பிளாட்பாரத்துல வருது, இன்னொண்ணு மூணாவதுல வருது. சராசரி ரெண்டுன்னு ரெண்டாவது பிளாட்பாரத்துல போய் நிப்பீங்களா? பிளாட்பார நம்பர் அளவு இல்ல சார், பேரு. இதுவும் அப்படித்தான். பேருக்கு சராசரி கெடையாது. சராசரி இல்லன்னா அதுல இருந்து எவ்வளவு ஏறுது எறங்குதுன்னு பாக்க முடியாது. அது முடியலன்னா கோரிலேஷனே கெடையாது."

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விரல் தாளின் கடைசி வரியில்தான் இருந்தது. "பிளாட்பாரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா விடை ஒண்ணு கிட்ட வந்திருக்கே. ஒண்ணுமே இல்லாமயா வரும்?"

நியாயமான கேள்வி. இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "கிணத்துக்கு எப்படி சார் நம்பர் போட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எப்பவும் போடறதுதான். கோயில் தெருவுல ஆரம்பிச்சு, பெரிய தெரு, பள்ளிக்கூடத் தெருன்னு வரிசையா போய், கடைசியா காலனி. தலையாரி அப்படித்தானே கூட்டிக்கினு போவான்? எந்த ஊர்ல காலனியில இருந்து ஆரம்பிப்பாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. கோயில் ஒன்று, காலனி கடைசி. வாக்காளர் பட்டியலோ அம்மை குத்துகிற பட்டியலோ, எங்கள் பக்கத்தில் எல்லாமே அப்படித்தான் எழுதப்பட்டது. அதைப் போய் யாராவது கேள்வி கேட்பார்களா என்பதுதான் அவருடைய ஆச்சரியம். இத்தனை நாள் அதே வரிசையில் பட்டியல் போட்ட எனக்கும் அன்றுதான் அது கண்ணில் பட்டது.

"இப்ப காலனியில ஆரம்பிச்சு நடங்க" என்று சொல்லி நம்பர்களைத் தலைகீழாக எழுதினேன். காலனி ஒன்று, கோயில் தெரு ஐந்து. கணக்குப் போட்டேன். அதே விடை, முன்னால் ஒரு மைனஸ்.

ஆபீசர் தலையை ஆட்டினார். "மைனஸ் வந்தா என்ன? அர்த்தம் ஒண்ணுதான். அந்தக் கோடியில சீக்கு அதிகம்." அவர் கை பேனாவை எடுத்தது. அவர் சொன்னது சரி. வரிசையைத் திருப்பினால் வரிசை வரிசையாகத்தான் இருக்கும். அது குலைய வேண்டும்.

"ஒரே நிமிஷம் சார். பஸ் நிக்கிற எடத்துல எறங்கி, எது எது வழியில வருதோ அந்த வரிசையில போறேன்." மூன்றாவது நம்பரைப் பெரிய தெருவுக்கும் இரண்டாவதைக் காலனிக்கும் கொடுத்தேன். மற்றவற்றையும் வழியில் வந்தபடி போட்டேன். பெருக்கினேன், கூட்டினேன். பென்சில் முனை உடைந்து, பியூனின் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டேன். விடை சைபரை ஒட்டி வந்து நின்றது.

தாளை அவர் பக்கம் தள்ளினேன். "கிணறு அதே கிணறு. சீக்காளியும் அதே சீக்காளிங்க. நான் நடந்த வழி மட்டும்தான் சார் மாறிச்சு."

அவர் மூன்று விடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவுக்கு மூடி போட்டார். "அப்போ எதைத்தான்மா போடறது?"

"அளந்ததைப் போடுங்க, எண்ணினதைப் போடுங்க. கிணத்துக்கும் குட்டைக்கும் எவ்வளவு தூரம்னு அளக்கலாம். இருநூறு கஜம்னா நூறு கஜத்துக்கு ரெண்டு பங்கு. எந்தப் பக்கத்துல இருந்து நடந்தாலும், யாரு அளந்தாலும் மாறாது. சீக்காளியையும் சும்மா எண்ணக் கூடாது சார். ஊருக்குள்ள நாலு கிணறு, ஜனம் பிரிஞ்சு போய் எடுக்குது. காலனிக்கே ஒண்ணுதான். நூறு வீட்டுக்கு எத்தனைன்னு பாருங்க."

உத்தரவைக் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள அளந்து முடிக்கணும். வேற எதுவும் வரலைன்னா இதுல கையெழுத்துப் போட்டுடுவேன். எனக்கும் வேற வழி இல்ல" என்றார். நில அளவைச் சங்கிலி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினோம். வழி நெடுக அந்தச் சட்டைப் பையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

காலனிக் கிணற்றை ஒட்டி மணல் லாரி நின்றது. கிணற்றைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாமல். முன்னால் அத்தை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்து, பின்னால் ஆபீசர் இறங்குவதைப் பார்த்ததும் இறுகியது.

"இன்னா மருமவளே, நீயும் இவங்களோட சேந்து மூடறதுக்கா வந்துகீற? இத்த மூடிட்டா இந்த வெயில்ல இன்னாத்தக் குடிக்கறது? குட்டைத் தண்ணியவா?"

"மூட வரல அத்தை. அளக்க வந்திருக்கோம்."

"இன்னாத்த அளக்கறீங்க?"

"தூரத்த."

"தூரமா? அதுக்கா இம்மாம் பெரிய சங்கிலி? எங்களக் கேட்டா நாங்களே சொல்லிடுவமே" என்றாள் அத்தை. பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

காலனிக் கிணற்றிலிருந்து குட்டையை நோக்கி அளந்துகொண்டே ஊருக்குள் போனோம். கோயில் தெரு முனையில் கிராம முன்சீப் நின்றிருந்தார். லாரியை வரவழைக்கத் தாலுகா வரை போய் மன்றாடியவர் அவர்தான். அவர் வீட்டிலும் ஒரு சாவு விழுந்திருந்தது, கண் சிவந்திருந்தது. ஆபீசருக்கு வணக்கம் சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தம்மா இங்கயே நிக்கட்டும் சார். வெயிலா கீது. ஆம்பளைங்க போய் அளந்துக்கலாம்."

வெயில் என்று அவர் சொன்னது எதை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் ஆபீசரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அந்த நிமிஷம் திரும்பி நடந்துவிட வேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. ஆனால் உத்தரவு அவர் பையில் இருந்தது, சூரியன் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. நின்றேன்.

தெருவளைவுக்கு அப்பால் சங்கிலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் குட்டை வரை அளந்து எண்ணைக் கூவினார், நான் முனையில் நின்று எழுதினேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எந்த எண்ணைக் கூவினாலும் அதுதான் கணக்கில் ஏறும். என்னால் பார்க்க முடியாது. அளவு மாறாது என்று ஆபீசில் எவ்வளவு ஜம்பமாகச் சொன்னேன்! சங்கிலி மாறாது, வாய் மாறலாம். காலையில் என் அத்தையைப் போட்டுக்கொடுத்த அதே வாய். பள்ளிக்கூடத் தெருக் கிணறு, பெரிய தெருக் கிணறு என்று ஒவ்வொன்றாக வந்தது. கோயில் தெருக் கிணற்றுக்கு வந்தபோது சங்கிலிச் சத்தம் நின்றது. முன்சீப் ஏதோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. என் விரல்கள் பென்சிலை நெரித்தன.

பிறகு இன்ஸ்பெக்டர் எண்ணைச் சொன்னார். மற்றதைப்போல் கூவவில்லை, சொன்னார். எல்லாவற்றிலும் சின்ன எண் அது. குட்டை அந்தக் கிணற்றுக்கு நேர் பின்னால்தான் இருந்திருக்கிறது. அவர் திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னதற்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருப்பதே எனக்குக் கோபமாக இருந்தது.

எந்தக் கிணற்றுக்கு எத்தனை வீடு என்பதையும் எண்ணிக்கொண்டு, காலனிக் கிணற்றடிக்கே திரும்பி வந்தோம். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை விரித்து ஆபீசர் தன் கையாலேயே கணக்குப் போட்டார். ஒரு பக்கம் முன்சீப், மறு பக்கம் பெண்கள். பின்னால் லாரிக்காரன், நேரமாச்சு என்று ஹாரன் அடித்தான். விடை மைனஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தது. குட்டைக்குக் கிட்டே போகப் போக நூறு வீட்டுக்குச் சீக்கு ஏறியது. கோயில் தெருக் கிணறு முதலில். காலனிக் கிணறு எல்லாவற்றுக்கும் கடைசியில், மேட்டில், குட்டையை விட்டு வெகு தூரத்தில். ஊருக்குள் சேர்க்காமல் தள்ளி வைத்தார்களே, அந்தத் தூரம்தான் அந்தத் தண்ணீரைக் காப்பாற்றியிருந்தது.

"இதுவும் இதுதான் காரணம்னு சொல்லாது சார். தண்ணியை டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றேன்.

"தெரியும்மா" என்றார். பையிலிருந்து உத்தரவை எடுத்துக் கிழித்தார். பிறகு ஊரைப் பார்த்தார், முன்சீப்பைப் பார்த்தார். நிஜமான கவலையோடுதான் கேட்டார்: "கோயில் தெருக் கிணத்தை மூடினா, பாவம், அந்த ஜனம் தண்ணிக்கு எங்க போகும்?"

காலையில் டைப் அடித்த தாளில் இந்தக் கேள்வி இல்லை. மூன்று நகல் எடுத்த உத்தரவில் ஒன்றில்கூட இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"எங்க கெணத்துல வந்து மொண்டுக்கினு போகட்டும் சாமி. நாங்க வேணாங்கல."

முன்சீப் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். லாரி மணலோடு திரும்பிப் போயிற்று. கோயில் தெருக் கிணற்றில் மணல் கொட்டப்படவில்லை. அதற்கு பிளீச்சிங் பவுடரும், முள் கட்டிய அடைப்பும், டெஸ்ட் வரும்வரை திண்டிவனத்திலிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரு பீப்பாய் வண்டியும் கிடைத்தன. அப்படியெல்லாம் வழி உண்டு என்று காலனிக் கிணற்றை மூட நினைத்தபோது ஒருவருக்கும் தோன்றவில்லை.

சீக்கு தணிந்தது. ஆபீசர் கடலூருக்கு அறிக்கை எழுதினார். திண்டிவனம் தண்ணீர் கொடுத்த பிறகு கோயில் தெருவில் புதிதாக ஒருவரும் படுக்கவில்லை என்று அதில் இருந்தது. நான்தான் டைப்புக்குக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பார்க்கப் போனேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுத்து வைத்திருந்தாள். அந்த அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"திண்டிவனம் தண்ணியா?" அத்தை மல்லாட்டைத் தோலை ஊதிவிட்டு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அந்த வண்டிக்காரன் திண்டிவனம் போறான்னு ஆரு சொன்னது? மாட்டுக்குக் கால் நோவுதாம். விடியறதுக்குள்ள வண்டிய இங்க ஓட்டிக்கினு வந்து நிக்கறான். நாங்கதான் மொண்டு ஊத்தறோம். நம்ம கெணத்துத் தண்ணியத்தான் அவங்க இத்தினி நாளா குடிச்சிக்கினு கீறாங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை; தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, அடக்க முடியாமல். எனக்கும் சிரிப்பு பொங்கியது. அப்போது வேலிக்கு அப்பால் ஊர் ஆட்கள் யாரோ பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. இது அவர்கள் காதில் விழுந்தால் அன்று ராத்திரியே எத்தனை கூரை எரியும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அத்தையின் வாயை என் கையால் அழுத்திப் பொத்தினேன். சத்தம் தூரமாகப் போகும் வரைக்கும் எடுக்கவில்லை. என் உள்ளங்கைக்குள் அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.